குறிப்பறிந்தவர் உ.வே.சா.

திருக்குறளில் இருமுறை இடம்பெற்ற அதிகாரத் தலைப்பு ஒன்றே ஒன்றுதான். அது குறிப்பறிதல். பொருட்பாலில் அமைச்சர்க்கு உரியதாக ஒருமுறையும் காமத்துப்பாலில் காதலர்க்கு உரியதாக ஒருமுறையும் அதனை வைத்தார் வள்ளுவர். எதிரில் இருப்பவர் எதனை விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், எது அவரை இளகச் செய்யும், எது இறுகச் செய்யும் என்பதை அவர் சொல்லாமலே உணரும் ஆற்றல் அரசவைக்கும் வேண்டும், அன்புடையார் வீட்டிற்கும் வேண்டும் என அவர் கருதினார் போலும். அந்த ஆற்றல் ஒரு பதிப்பாசிரியர்க்கும் வேண்டும் என்றால் சிலர் வியக்கக்கூடும். பதிப்பு என்றவுடன் ஏடும் பாடபேதமும் அச்சுப்பிழைத் திருத்தமுமே நம் நினைவுக்கு வருகின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் வாழ்க்கையை ஏடு தேடிய கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஏடுகள் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தன என்பதையும், அந்த வீட்டாருக்கு ஒரு மனம் இருந்தது என்பதையும் எளிதில் மறந்துவிடுகிறோம். ஐயரவர்கள் ஏட்டைப் படிப்பதற்கு முன் அம்மனத்தைப் படித்தார். அந்தப் படிப்பு அவருக்கு எங்கே தொடங்கியது, எவ்வளவு விலை கொடுத்து அதனைப் பெற்றார் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐயர் பிறந்தது 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள். குடும்பத்தின் ஊர் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராமாயணக் கதை சொல்லியும் பாடியும் குடும்பத்தைக் காத்தவர். நிலையான வருவாய் இல்லாத வாழ்க்கை. அரியலூர், குன்னம், செங்கணம் என்று ஊர் ஊராகப் பெயர்ந்து, ஆதரிப்பார் இருக்கும் இடத்தில் சில காலம் தங்கி வாழ நேர்ந்தது. கதை கேட்க வந்தவர்கள் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள், எந்த இடத்தில் கண் கலங்குகிறார்கள் என்பதைத் தந்தையாரின் அருகிலிருந்தே பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். அடுத்த மாத அரிசி அந்த நிமிர்விலும் கலக்கத்திலும் இருந்தது. இத்தகைய வீடுகளில் வளரும் பிள்ளைகள் பிறர் முகத்தைப் படிப்பதில் வல்லவராகிவிடுவது இயல்பே.

தம் மனத்தையும் அவர் இளமையிலேயே அறிந்திருந்தார் என்பது அதனினும் குறிப்பிடத்தக்கது. உறவினர்கள் பலர் ஆங்கிலம் படித்தால் இம்மைக்கு நன்மை, வடமொழி படித்தால் மறுமைக்கு நன்மை என்று அறிவுரை கூறினர். தந்தையாரோ மகன் இசையில் சிறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இம்மைக்கும் மறுமைக்கும் உறுதி சொல்ல யாரும் முன்வராத தமிழின்மீதே சிறுவனின் மனம் சென்றது. இங்கே தந்தையாரின் பெருமையையும் சொல்லியாக வேண்டும். தம் விருப்பம் வேறாக இருந்தும், மகனின் நாட்டம் எது என்பதைக் கண்டு, தமிழ் கற்பிப்பவர் இருக்கும் ஊரைத் தேடித் தேடிக் குடியேறினார் அவர். குறிப்பறிதல் இக்குடும்பத்தில் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

1871ஆம் ஆண்டு தந்தையும் மகனும் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைக் கண்டனர். பிள்ளையவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பாடம் கேட்க வருகிறவர்கள் சில நாள் இருந்துவிட்டு ஏதேனும் சாக்குச் சொல்லிப் பிரிந்துபோவது அவருக்குப் பெருந்துன்பமாக இருந்தது. மாணாக்கரிடம் ஆழ்ந்த அன்பு வைப்பவருக்கே அந்தப் பிரிவு வலிக்கும். மறுப்பதுபோல் தோன்றிய அந்தத் தயக்கத்திற்குள் இருந்தது அன்பே என்பதைப் பதினாறு வயது நிரம்பிய சாமிநாதன் விளங்கிக்கொண்டான். சேர்ந்த பிறகும் ஒரு குறை இருந்தது. மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்கும்படி ஆயிற்று. ஆசிரியரின் நேரடிப் பார்வை கிட்டவில்லை. கடலருகே வந்தும் கிணற்று நீரைக் குடிக்கும் நிலை.

அப்போது நிகழ்ந்ததுதான் ஐயர் தம் சரித்திரத்தில் தளிர் ஆராய்ச்சி என்று தலைப்பிட்டு எழுதிய நிகழ்ச்சி. பிள்ளையவர்கள் மாயூரத்தில் புதிதாக வாங்கிய வீட்டின் பின்புறத் தோட்டத்தில், வளர்ந்த மரங்களையே வேரோடு கொணர்வித்து நட்டிருந்தார். அவை பிழைத்தனவா என்பதில் அவருக்கு ஓயாத கவலை. விடியற்காலையில் எழுந்து மரம் மரமாகச் சென்று, எங்கேனும் ஒரு தளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று தென்பட்டுவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். இதனைக் கவனித்த சாமிநாதன் ஆசிரியர் எழுவதற்கு முன்னரே எழுந்து, தோட்டம் முழுதும் தேடி, தளிர் விட்ட இடங்களை மனத்திற் குறித்துக்கொண்டு நிற்பான். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுவான். அவர் தாமே காணாத தளிர்களையும் அவன் காட்டக் கண்டு மகிழ்வார். நாள்தோறும் இவ்வாறு நடந்தது. தளிரைப் பற்றிய பேச்சு மெல்ல மெல்லப் பாடத்தைப் பற்றிய பேச்சாயிற்று. பின்னர்ப் பிள்ளையவர்களே பாடம் சொல்லத் தொடங்கினார்.

இதனைச் சூழ்ச்சி என்று சொல்லலாமா? ஒருவர் எதனால் மகிழ்வார் என்று அறிந்து அதனைச் செய்து தம் காரியத்தை முடித்துக்கொள்வதற்கும் முகமனுக்கும் என்ன வேறுபாடு என்று என் வகுப்பு மாணவிகள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஐயர் இந்த நோக்கத்தை எங்கும் மறைக்கவில்லை. ஆசிரியரின் அன்பைப் பெறும் வழி என்றே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். என் கருத்தில், முகமன் பேசுகிறவர் பொய்யான தளிரைக் காட்டுவார். சாமிநாதன் காட்டியது உண்மைத் தளிர். அதைத் தேடும்போது அவனும் அந்த மரங்களை நேசிக்கத் தொடங்கியிருப்பான். பிறர் விருப்பத்தை அறியப் புகுந்தவர் அதில் தாமும் பங்கு கொள்ளும்போது அந்த அறிவு மாசுபடுவதில்லை.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. தந்தையாரின் விருப்பப்படி மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் இசை பயின்று வந்தார். பாரதியார் வாயிலாக அது பிள்ளையவர்களின் காதுக்கு எட்டியது. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களில் அது முழுமையாகப் பதியாது என்பது பிள்ளையவர்களின் எண்ணம். அதனை உணர்ந்த சாமிநாதன் பாரதியாரிடம் செல்வதை நிறுத்திவிட்டார். குலத்தின் சொத்தாகிய இசை அன்றோடு நின்றது. ஆசிரியர் ஒருவரின் விருப்பு வெறுப்பை நுட்பமாக உணரும் மாணவன் தன்னுள் இருக்கும் ஒன்றைக் கைவிடவும் நேரும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பிற்காலத்தில், 1936ஆம் ஆண்டு, எண்பது வயதைக் கடந்த நிலையில், கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகிய இசைவாணர் மூவரின் வரலாறுகளையும் அவர் நூலாக வெளியிட்டார். விட்ட ஒன்று மனத்தை விட்டு நீங்கவில்லை என்றுதான் நான் இதனைப் பொருள் கொள்கிறேன்.

அதே பாரதியார், தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பிள்ளையவர்களிடம் பலமுறை வந்தார். கீர்த்தனையில் இலக்கணப் பிழைகள் இருந்தமையால் பிள்ளையவர்கள் காலம் தாழ்த்திக்கொண்டே வந்தார். ஒருநாள் பாரதியார் தம்மை மறந்து பாடியதைக் கேட்டபோது அவர் உள்ளம் உருகிற்று; பாயிரமும் பிறந்தது. இலக்கணம் கற்ற உள்ளத்தின் கதவு இசையின் பக்கம் அடைபட்டிருந்தது என்றாலும் பக்தியின் பக்கம் அது திறந்தே இருந்தது. ஒரு மனிதரைப் பற்றி இவர் இன்னார் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஐயர் இதனைப் பதிவு செய்த முறையில் இருவரில் எவரும் தாழவில்லை.

1876 பிப்ரவரி 1ஆம் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதர் திருவாசகத்து அடைக்கலப் பத்தைப் படிக்க, அவர் உயிர் நீங்கிற்று. அதன்பின் சில ஆண்டுகள் திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கழிந்தன. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற விரும்பித் தம் இடத்திற்குச் சாமிநாதையரே வர வேண்டும் என்று முயன்றார். செட்டியார் கண்டிப்பும் வெட்டுச் சொல்லும் உடையவர். பலருக்கு அவரிடம் அச்சம். அந்தக் கடுமை பொய்யைப் பொறாத நேர்மையின் மறுபக்கம் என்று கண்டுகொண்டவர்களில் ஐயர் ஒருவர். சென்னைத் திருவல்லிக்கேணியில் பின்னர்த் தமக்கு வாய்த்த வீட்டிற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார்.

அவ்வாண்டே அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் சென்று கண்டார். தமிழிலக்கிய வரலாற்றில் இந்தச் சந்திப்பைப் போல் அடிக்கடி சொல்லப்படுவது வேறில்லை. ஆகவே அதனை மீண்டும் விரிக்காமல் ஒன்றை மட்டும் கவனிப்போம். மகாவித்துவானிடம் படித்தவர் என்ற செய்தி முதலியாரிடம் எந்த அசைவையும் உண்டாக்கவில்லை. கற்ற நூல்களாக அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று ஐயர் அடுக்கிய நீண்ட பட்டியலும் அவரை அசைக்கவில்லை. இவற்றால் என்ன பயன் என்னும் பொருள்பட ஒரு வினாவை எழுப்பி, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார் முதலியார். கல்லூரித் தமிழாசிரியர் ஒருவருக்கு, அதுவும் பதவியேற்ற முதலாண்டில், நேரக்கூடிய அவமதிப்பு இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. புலவர் உலகில் இதனினும் சிறு சொற்கள் வாழ்நாள் பகையாகியிருக்கின்றன. அதனை இக்கட்டுரையைப் படிக்கும் கவிஞர்கள் நன்கு அறிவர்.

ஐயர் மீண்டும் சென்றார். ஏன்? புண்பட்டது உண்மை, அதனை அவரே எழுதுகிறார். எனினும் முதலியாரின் பேச்சில் ஏளனத்தைவிடத் தாகமே மிகுதி என்பதை அவர் உணர்ந்தார். முதலியாருக்குப் புலவரின் பெருமையில் நாட்டமில்லை. நூலின் பொருளில் நாட்டம் இருந்தது. பாராட்டைக் கொண்டு பழகும் மடத்துச் சூழலிலிருந்து வந்த ஐயருக்கு இது புதியதொரு மனப்போக்கு. தம்மைப் பற்றியும் ஓர் உண்மை அவருக்கு அன்று தெளிவாயிற்று. புகழ்ச்சி தம்மை மகிழ்விக்கும். ஆனால் அறியாமை வெளிப்பட்டபோது எழும் நாணமே தம்மை உழைக்கச் செய்யும். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைக் கையிற் கொண்டு, அவரையே கேட்பவராக வைத்துக்கொண்டு, இருவருமாகப் படிக்கத் தொடங்கினர்.

நூல் எளிதில் வசப்படவில்லை. சைவ மடத்தில் பயின்ற அறிவு சமண நூலின் வாயிலில் நின்றுவிட்டது. கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கின்றனர் என்று அறிந்து அவர்கள் வீட்டுக்குச் சென்றார் ஐயர். வாயிலில் கோலமும் மாவிலைத் தோரணமும் கண்டு என்ன விசேடம் என்று கேட்டபோது, ஆறு மாதமாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவேறுகிறது என்றனர். ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று தாம் எண்ணிய நூல் சில தெருக்களுக்கு அப்பால் வழிபாட்டு நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்களிடம் அவர் மாணவராக அமர்ந்து கேட்டார். தங்கள் சமயத்தை இழித்துரைக்க வந்தவரோ என்று அவர்கள் ஐயுற இடமிருந்தது. அந்த ஐயத்தைப் போக்கியது ஐயரின் வாதத்திறமை அன்று, கேட்கும் முறை. அவர் சமணக் கருத்துகளை எடுத்துரைத்ததைக் கேட்ட அவ்வீட்டு அம்மையார் ஒருவர், இவர் வீடுபேற்றுக்கு உரிய பக்குவம் பெற்ற பவ்ய ஜீவன் போலும் என்று வியந்தாராம். பட்டங்கள் பல பெற்ற ஐயருக்கு அந்த அம்மையார் அளித்தது எவ்வகையிலும் குறைந்த பட்டம் ஆகாது. பின்னர் மணிமேகலைக்காகப் பௌத்தம் கற்க வேண்டி வந்தபோது, உடன் பணியாற்றிய வைணவராகிய மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்லக் கேட்டார்.

ஏடு தேடிச் சென்ற இடங்களில் சந்தித்த மனங்கள் பலவகை. பாட்டன் வைத்த சொத்து என்று பூட்டி வைத்தவர்கள் உண்டு. படிக்கத் தெரியாமலே பூசை செய்தவர்கள் உண்டு. கேட்டவுடன் கொடுத்துவிட்டு விருந்தும் இட்டவர்கள் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டபோது ஐயர் துடித்தார். எனினும் அவ்வாறு செய்தவர்கள் அதனைச் சாத்திரம் விதித்த கடமை என்று நம்பியே செய்தனர் என்பதையும் அவர் எழுத்து நமக்குக் காட்டுகிறது. தீயை மூட்டிய கையில் பகை இல்லை. அதனால் அழிவு குறைந்துவிடவும் இல்லை.

ஆழ்வார்திருநகரி நிகழ்ச்சி இன்னும் நுண்மையானது. பத்துப்பாட்டு ஏட்டைத் தேடி இலட்சுமண கவிராயர் வீட்டிற்குச் சென்ற ஐயர் நாள்கணக்கில் சுவடிகளைப் புரட்டியும் பயனில்லை. கவிராயரின் மாமனார் தேவர்பிரான் கவிராயரிடம் சில ஏடுகள் இருந்தன. ஆனால் மாமனாருக்கும் மருமகனுக்கும் மனக்கசப்பு. கசப்புள்ள இடத்தில் போய்க் கேள் என்று ஒருவரை எவ்வாறு வற்புறுத்துவது? ஐயரின் முகவாட்டமே அங்கே வேலை செய்தது. விருந்தினர் வெறுங்கையோடு திரும்புவதைப் பொறாத இலட்சுமண கவிராயர், தம் மானத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, மாமனார் வீட்டுக்குச் சென்று ஏட்டுக் கட்டை வாங்கி இரவில் கொண்டுவந்து கொடுத்தார். பத்துப்பாட்டு 1889இல் அச்சாயிற்று. அதற்குப் பின்னால் ஒரு குடும்பப் பிணக்கைக் கடந்து நடந்த சில அடிகள் இருக்கின்றன.

போட்டியும் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தமிழ்நாட்டில் பணியாற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை, பழைய நூற்பதிப்பில் ஐயருக்கு முன்னோடி. கும்பகோணத்தில் அவர் வழக்கறிஞராக இருந்தபோது, சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க எண்ணி ஐயரிடம் உள்ள குறிப்புகளை வேண்டினார். ஐயர் மனம் தடுமாறினார். பெரியவர் கேட்கிறார்; ஆராய்ச்சியோ தம் உழைப்பு. தந்தையார் கொடுக்கக் கூடாது என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். கேட்டதைக் கொடுத்துவிடும் தம் இயல்பின் மெலிவை மகனைவிடத் தந்தை நன்கு அறிந்திருந்தார் எனத் தோன்றுகிறது. இந்த இடத்தில் தாமோதரம் பிள்ளையைக் குறைவாக எண்ணுபவர்களை நான் கண்டிருக்கிறேன். அது நேர்மையன்று. பழந்தமிழ் நூல் அழிந்துவிடுமே என்று ஐயரைத் தூண்டிய அதே அச்சம்தான் அவரையும் தூண்டியது. ஒரே நோக்கம் கொண்ட இருவர் ஒரே ஏட்டின் முன் நின்றனர், அவ்வளவே.

1887இல் சிந்தாமணி வெளிவந்தது. பாராட்டோடு கண்டனங்களும் வந்தன. சிறு பிழைகளைப் பெரிதாக்கித் துண்டு வெளியீடுகள் எழுந்தன. ஐயர் உறக்கம் இழந்தார். விரிவான மறுப்பு ஒன்றை எழுதி முடித்தார். அதனைக் கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் சாது சேஷையரிடம் காட்டினார். சேஷையர் அந்தத் தாள்களைக் கிழித்தெறிந்துவிட்டார். மறுப்பு எழுதத் தொடங்கினால் வாழ்நாள் முழுதும் அதிலேயே கழியும், செய்ய வேண்டிய பணி அப்படியே கிடக்கும் என்பது அவர் காட்டிய காரணம். ஐயர் சினங்கொள்ளவில்லை. புகழுக்கு ஏங்கும் உள்ளம் பழிக்கும் பதறும். தம் உள்ளம் அத்தகையது என்று அவருக்குத் தெரியும். தம்மைவிடத் தம்மைத் தெளிவாகக் கண்ட நண்பரிடம் அந்தப் பொறுப்பை அன்று ஒப்படைத்தார். அதன்பின் கண்டனங்களுக்கு மறுப்பெழுதுவதில்லை என்பதைக் கொள்கையாக்கிக்கொண்டார். சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று நூல்கள் அடுத்தடுத்து வந்தன. கிழிந்த அந்தத் தாள்களுக்கும் இந்த ஆண்டுகளுக்கும் தொடர்பு உண்டு.

பிற்கால வாழ்க்கை பலரும் அறிந்தது. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம், 1937இல் குறுந்தொகை. இவற்றைவிட, முதுமையில் அவர் எழுதிய உரைநடையே என் ஆராய்ச்சி நாட்களில் என்னை மிகுதியும் ஈர்த்தது. 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த பிள்ளையவர்களின் சரித்திரம், நினைவு மஞ்சரி, நான் கண்டதும் கேட்டதும் ஆகிய நூல்களில் மாந்தர் தத்தம் இயல்போடு நடமாடுகின்றனர். ஒருவர் கோபக்காரர் என்று அவர் எழுதினால் அடுத்த பத்தியிலேயே அந்தக் கோபம் எதிலிருந்து வந்தது என்பதும் இருக்கும். கடன்பட்டும் கொடுத்த தம் ஆசிரியரின் வறுமையை மறைக்காமல் எழுதினார். ஆனால் அவரை இரக்கத்துக்கு உரியவராக்கவில்லை.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஜமீன்தார், மடாதிபதி, கணக்குப்பிள்ளை, சமையற்காரர், வண்டிக்காரர் எனப் பலரின் உள்ளத்தையும் நுணுகிக் கண்ட அந்த எழுதுகோல், 1868இல் கைப்பிடித்த மனைவி மதுராம்பிகையைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதிற்று. ஊர் ஊராக ஏடு தேடிச் சென்ற நாட்களில், அச்சுக்கூலிக்கும் தாளுக்கும் கடன் வாங்கிய மாதங்களில், அவ்வீட்டை நடத்தியவர் எதை விரும்பினார், எதற்கு அஞ்சினார் என்பதை என் சரித்திரம் நமக்குச் சொல்வதில்லை. அது அக்காலத்து நாணம் என்று விளக்குவார் உண்டு. வள்ளுவர் அத்தலைப்பை இரண்டாம் முறையும் வைத்தது இல்லத்தின் பொருட்டு என்பதை எண்ணும்போது அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. தாயார் சரசுவதியம்மாளைப் பற்றி அவர் எழுதியவை உள்ளத்தை நெகிழ்விப்பன. அதனாலேயே இந்த மௌனம் கூடுதலாகக் கேட்கிறது.

என் சரித்திரம் 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியூர்களுக்குப் பெயர்ந்த 1942ஆம் ஆண்டில், ஐயரும் திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றார். சுவடிகளும் உடன் சென்றன. ஏப்ரல் 28ஆம் நாள் அவ்வூரிலேயே மறைந்தார். சரித்திரம் மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நின்றுவிட்டது. சென்னையில் அவர் வாழ்ந்த ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளும் அதில் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டு சென்னை அடையாற்றில் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. கவிராயர் வீட்டுப் பரண்களிலிருந்தும் மடங்களின் பெட்டிகளிலிருந்தும் அவர் கேட்டுப் பெற்ற ஏடுகள் அங்கே சேர்ந்தன.